கல் கையை விட்ட பிறகு

“ஏம்மா, இந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?”

அப்பா கேட்டார். கையில் பாதி பிரித்த ரொட்டி சானாய் பொட்டலம். கண் மட்டும் டிவியில்.

2022 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. கிள்ளானில் அப்பா வீட்டு வரவேற்பறை. பெய்ஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக்கின் கடைசி நாள். அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்று என்பதால் பசியாறிக்கொண்டே இறுதி ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. பிரிட்டனில் இருந்தவர்கள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்திய பெண்ணின் பெயர் ஈவ் மியூர்ஹெட். ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் மகளிர் கர்லிங் அணியின் தலைவி. கர்லிங்கில் அணித் தலைவரை ‘ஸ்கிப்’ என்பார்கள். பெரிய போட்டிகளில் ஆட்டக்காரர்களின் உடையில் சின்ன ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதனால் அவர்கள் பேசுவது, திட்டம் போடுவது, கத்துவது எல்லாம் நம் வீட்டுக்குள் கேட்கும். குரலை வைத்துப் பிழைக்கிற எனக்கு, இந்த விளையாட்டில் முதலில் பிடித்துப்போனதே அதுதான்.

“கல்லு கையை விட்டுப் போயிடுச்சுல்ல? இனிமே கத்தி என்ன ஆகப்போகுது?” என்றார் அப்பா.

அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கேரம். தாமானில் அவரை வெல்ல ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. அதனால் கேரத்தை வைத்தே அவருக்கு விளக்கினேன். உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய 45 மீட்டர் நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தை ஒரு நீண்ட கேரம் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக, கைப்பிடி வைத்த கருங்கல். எடை கிட்டத்தட்ட 20 கிலோ. ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கும் அய்ல்சா கிரேக் என்ற சின்னத் தீவின் கல்லில்தான் ஒலிம்பிக் கற்களைச் செய்கிறார்கள். கேரத்தில் காயைக் குழியில் தள்ள வேண்டும். இதில் குழி கிடையாது. மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவில் நம் கல்லைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிரணியின் கல் அங்கே இருந்தால் அடித்து வெளியே அனுப்பலாம். ஓர் அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கற்கள். இரண்டு அணிகளும் சேர்ந்து 16 கற்களை விட்டு முடித்தால் ஒரு சுற்று. நடுப்புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கல் நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் அந்தச் சுற்றில் புள்ளி. இப்படிப் பத்துச் சுற்றுகள்.

கேரம் பலகையில் நாம் மாவு தூவுவது போல, அவர்கள் பனித்தளத்தின் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைக்கிறார்கள். கல் அந்தச் சிறு மேடுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கல் புறப்பட்ட பிறகு, இரண்டு பேர் முன்னால் ஓடிக்கொண்டே பனியைத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பனி லேசாகச் சூடாகி, உராய்வு குறையும். கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளைவதும் குறையும். எப்போது தேய்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று மறுமுனையிலிருந்து சொல்வதுதான் அந்தக் கத்தல்.

“அப்போ கல்லு கையை விட்டுப் போனாலும் வாய் விடாது,” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் எனக்குச் சிரிப்பே வராத வாரம். காரணத்தைச் சொல்லும் முன், ஈவ் மியூர்ஹெட்டை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 பிப்ரவரி 24, சனிக்கிழமை இரவு. விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுச் செய்தியின் கடைசியில் ஒரே ஒரு வரி: தென்கொரியாவில் நடைபெறும் குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் கர்லிங் வெண்கலத்தை ஜப்பான் வென்றது. வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு ஓடிய நான்கு நிமிடத்தில், கர்லிங் என்றால் என்னவென்று கைப்பேசியில் தேடினேன். வந்த காணொளியில் வென்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என் கண் போனது, கடைசிக் கல்லை விட்ட பெண் மேல்.

அந்த ஆட்டத்தின் பத்தாவது சுற்று. ஜப்பான் 4, பிரிட்டன் 3. கடைசிக் கல் பிரிட்டனிடம், அதாவது மியூர்ஹெட் கையில். ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்து கூடுதல் சுற்றுக்குப் போயிருக்கலாம். இரண்டு புள்ளி எடுத்து அங்கேயே வெல்லவும் வழி இருந்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கல் போய் இடித்தது. கற்கள் சிதறி நின்றபோது நடுவுக்கு அருகில் இருந்தது ஜப்பானின் கல். 5-3. பதக்கம் போனது.

நான் வாசித்த அந்த ஒரு வரியில் அவர் பெயர் இல்லை, பிரிட்டனின் பெயர்கூட இல்லை. நான்காவதாக வந்தவர்களைச் செய்தியில் யாரும் சொல்வதில்லை. பெய்ஜிங், லண்டன், ரியோ என்று மூன்று ஒலிம்பிக்கில் லீ சோங் வெய் வெள்ளியோடு திரும்பியதைப் பார்த்த நமக்கு, கைக்கெட்டியது நழுவும் வலி தெரியும். அவருக்காவது பதக்க மேடை இருந்தது. இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

1990-ல் பிறந்தவர், என்னைவிட ஒரு வயது இளையவர். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில், பிளேர் அத்தோல் என்ற ஊரில் ஆடு மேய்க்கும் பண்ணைக் குடும்பம். அப்பா கார்டன் மியூர்ஹெட்டும் கர்லிங் வீரர். 1992-ல் கர்லிங் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக மட்டும் இடம்பெற்றபோது பிரிட்டிஷ் அணியில் இருந்தவர். ஈவுக்கு கோல்ஃபும் நன்றாக வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உபகாரச் சம்பளத்தோடு கூப்பிட்ட அளவுக்கு. பேக்பைப்பும் வாசிப்பார். இத்தனைக்கும் நடுவில் அவர் பிடித்துக்கொண்டது பனிக்கட்டியை.

இளையோர் உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்றார். 19 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்கில் அணித் தலைவி. அங்கே ஏழாவது இடம்தான். 2013-ல் லாத்வியாவின் ரீகா நகரில் சுவீடனை 6-5 என்று வென்று உலக வெற்றியாளர் ஆனபோது அவருக்கு வயது 22. அந்தப் பட்டத்தை வென்ற பெண் ஸ்கிப்களில் அதுவரை அத்தனை இளையவர் யாரும் இல்லை. அடுத்த ஆண்டு சோச்சியில் சுவிட்சர்லாந்தை வென்று ஒலிம்பிக் வெண்கலம். பிறகுதான் 2018-ல் அந்தக் கல். அதே ஆண்டு இடுப்பில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார்.

இனி என் கதை.

ஊடகத்துறையில் பட்டம் முடித்து, 22 வயதில் வானொலிக்கு வந்தவள் நான். கொஞ்ச காலம் நள்ளிரவு, கொஞ்ச காலம் வாரயிறுதி. அதன்பின் எட்டு ஆண்டுகள் காலை நிகழ்ச்சி. எட்டு ஆண்டுகளாக அதிகாலை நான்கு மணிக்கு அலாரம். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குச் செய்தி அனுப்புவார்கள். கடையில் காசு கொடுக்கும்போது குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரம் எனக்கே சொந்தம் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

2021 முடியும்போது நிகழ்ச்சிகளை மாற்றியமைக்கப் போவதாக நிலையத்தில் சொன்னார்கள். காலை நிகழ்ச்சிக்கு எல்லோரும் புதிதாகக் குரல் தேர்வுக்கு வர வேண்டும். எல்லோரும் என்றால், நானும். என்னோடு போட்டியிட இருந்தவர்களில் ஒருத்தி, 24 வயதுப் பெண். பயிற்சிக்கு வந்தபோது ஒலிவாங்கிக்கு எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். “அக்கா, நீங்க இருக்கீங்கன்னா நான் பேர் கொடுக்கல” என்று என்னிடமே வந்து சொன்னாள். “சேச்சே, கொடும்மா” என்றேன். மனசுக்குள் சொன்னது வேறு.

வேலையை விடுவதற்கான கடிதத்தைக் கைப்பேசியில் எழுதி வைத்துவிட்டேன். தேதி மட்டும்தான் போடவில்லை. எட்டு வருஷம் வேலை செய்தவளைப் பரீட்சை எழுதச் சொன்னால் என்ன மரியாதை என்பது என் வாதம். தேர்வு மார்ச் மாதம். நடுவில் வந்தது பிப்ரவரியும் பெய்ஜிங் ஒலிம்பிக்கும்.

மியூர்ஹெட் பெய்ஜிங்குக்கு வந்த பாதையைத் தேடிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 2021-ல் கனடாவின் கால்கரியில் நடந்த உலகப் போட்டியில் அவர் அணிக்கு எட்டாவது இடம். முதல் ஆறு அணிகளுக்கே நேரடி ஒலிம்பிக் வாய்ப்பு. அதன்பின் பிரிட்டனில் அணியையே கலைத்து, ஒரு பெரிய குழுவிலிருந்து ஆட்களைப் பொறுக்கி எடுத்தார்கள். உலகப் பட்டமும் ஒலிம்பிக் பதக்கமும் வைத்திருந்தவர் அந்தக் குழுவில் ஒருத்தியாக நின்றார். அதிலிருந்து உருவான புதிய அணியோடு நவம்பரில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். அப்போதும் ஒலிம்பிக் இடம் உறுதியில்லை. டிசம்பரில் நெதர்லாந்தின் லீயுவார்டனில் நடந்த தகுதிச் சுற்றில் விளையாடித்தான் கடைசி வண்டியில் ஏறினார்.

பெய்ஜிங்கிலும் எதுவும் சுலபமாக நடக்கவில்லை. முதல் கட்டத்தில் ஒன்பது ஆட்டங்களில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. கடைசி நாளில் தாங்கள் வென்றால் மட்டும் போதாது, மற்ற ஆட்டங்களின் முடிவும் சாதகமாக அமைய வேண்டும் என்ற நிலை. பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஒரே கணக்கில் வந்து நின்றன. இடமோ இரண்டுதான்.

அதை எப்படித் தீர்மானித்தார்கள் தெரியுமா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், ஒவ்வோர் அணியும் நடுப்புள்ளியைக் குறிவைத்து இரண்டு கற்களை விடும். யாருக்குக் கடைசிக் கல் என்று முடிவு செய்ய அந்தத் தூரத்தை அளப்பார்கள். எல்லா நாளும் அளந்த அந்தத் தூரங்களின் சராசரியை வைத்துத்தான் சமநிலையைப் பிரித்தார்கள். கனடா வெளியே போனது. பிரிட்டன் உள்ளே வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்னால், பார்ப்பவர்கள் இன்னும் நாற்காலியில் உட்காராத நேரத்தில் விட்ட கற்கள் அவை. நிகழ்ச்சிக்கு முன் வெறும் அறையில் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று ஒலிவாங்கியைச் சோதிக்கும்போது நான் எத்தனை நாள் அரைத் தூக்கத்தில் இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அரையிறுதி வெள்ளிக்கிழமை இரவு. நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். எதிரே அன்னா ஹாசல்போர்க்கின் சுவீடன், 2018-ல் தங்கம் வென்ற அணி. முதல் சுற்றிலேயே சுவீடனுக்கு நான்கு புள்ளிகள். கர்லிங்கில் அது பெரிய அடி. நான் வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். நல்லவேளை கிளப்பவில்லை. ஒன்பதாவது சுற்றில் பிரிட்டன் நான்கு எடுத்து 11-8. பத்தாவதில் சுவீடன் மூன்று எடுத்து 11-11. கூடுதல் சுற்றில் மறுபடியும் கடைசிக் கல், மறுபடியும் மியூர்ஹெட் கையில். இம்முறை நின்றது. 12-11.

அப்படி வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. எதிரே ஜப்பான். தலைவி சாட்சுகி புஜிசாவா, 2018-ல் வெண்கலத்தை எடுத்துப்போன அதே அணியின் ஸ்கிப்.

ஏழாவது சுற்றில் பிரிட்டன் நான்கு புள்ளிகளை அள்ளியது. ஒன்பதாவது சுற்று முடிந்ததும் ஜப்பான் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டது. 10-3. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. 2002-ல் ரோனா மார்ட்டின் அணி தங்கம் வென்றபோது மியூர்ஹெட் 11 வயதுச் சிறுமி. இருபது ஆண்டுகள் கழித்து அவர் முறை.

ஆனால் எனக்கு அந்த ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டது தங்கம் இல்லை. நடுவில் அப்பா கேட்ட இன்னொரு கேள்வி.

“எல்லாக் கல்லுக்கும் இவ அங்க நின்னு கத்துறா. இவளே கல்லு விடும்போது யாரு கத்துவா?”

கேள்வி சரிதான். ஸ்கிப் கல் விட இந்த முனைக்கு வந்துவிட்டால், அந்த முனையில் வட்டத்தில் துடைப்பத்தோடு நிற்பவர் துணைத்தலைவி. குறி காட்டுவது அவர். கல் வளைகிறதா, போதுமான வேகம் இருக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பதும் அவர். அன்று அங்கே நின்றவர் விக்கி ரைட். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்ப்பவர், கோவிட் காலத்தில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வந்தவர். ஜெனிஃபர் டாட்ஸும் ஹேலி டஃபும் இரு பக்கமும் ஓடித் தேய்ப்பவர்கள். தலைவியின் கல்லை மற்ற மூவர்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

“அப்படின்னா அந்தப் பொண்ணுக்குக் கத்தவும் தெரியணும், கேட்கவும் தெரியணும்,” என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார்.

அவருக்கு என் கடிதத்தைப் பற்றித் தெரியாது. எதையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷமாக என் காதில் ஹெட்போன் வழியாக ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ‘முப்பது வினாடி’, ‘அழைப்பில் ஆள் இருக்கிறார்’, ‘சிரித்துப் பேசு, குரல் சோர்வாக இருக்கு’. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளரின் குரல். நேயர்கள் பாராட்டிய நிகழ்ச்சி எனக்குச் சொந்தமென்று நினைத்தபோது அந்தக் குரலை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

கடிதத்தை அழித்தேன். மார்ச்சில் தேர்வுக்குப் போனேன். நன்றாகவே செய்தேன். கிடைக்கவில்லை.

காலை நிகழ்ச்சி அந்த 24 வயதுப் பெண்ணுக்குப் போனது. எனக்கு மாலை நேரம். கூடவே, முதல் ஒரு மாதம் அவளுடைய நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளராக உட்கார முடியுமா என்று கேட்டார்கள். ‘என்னால் முடியாது’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வட்டத்தில் துடைப்பத்தோடு நின்ற விக்கி ரைட் நினைவுக்கு வந்தார். சரி என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் நாள் காலை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது, அவள் எங்காவது தடுமாறினால் தேவலை என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. ஆறு மணி இருபது நிமிடத்துக்கு அவள் தடுமாறவும் செய்தாள். அழைத்த நேயர் இறந்துபோன மனைவிக்காகப் பாட்டுக் கேட்டார். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வானொலியில் மூன்று வினாடி மௌனம் நீண்ட நேரம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தினேன். “அவங்க பேரைக் கேளு,” என்றேன்.

கேட்டாள். அவர் பேரைச் சொன்னார். பிறகு அவரே பேசிக்கொண்டு போனார், கல்யாணமான புதிதில் பினாங்குக்குப் போன கதையை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்கியதும் இந்தப் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினாள். கையில் நடுக்கம் தெரிந்தது. மனசின் அந்த மூலையில் இருந்த ஆசை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஈவ் மியூர்ஹெட் 32 வயதில் ஓய்வை அறிவித்தார். உச்சியில் இருக்கும்போதே விட்டுவிட்டார். பிறகு, 2026 மிலான்-கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போகும் பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமைப் பொறுப்பாளர் வேலை அவரைத் தேடி வந்தது. மற்றவர்கள் நன்றாக விளையாடுவதற்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் வேலை. அந்தச் செய்தியைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டேன். அவரும் வட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

நான் இன்னும் மாலை நேரத்தில்தான் இருக்கிறேன். காலை நேரத்துக்கு ஏங்குவது முழுசாக நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். சில நாள் நான்கு மணிக்குத் தானாக விழிப்பு வரும். ஆறு மணிக்கு வானொலியைப் போட்டு அவள் பேசுவதைக் கேட்பேன். நன்றாகப் பேசியிருந்தால் ஒரு வரி அனுப்புவேன். நன்றாக இல்லாவிட்டால் ஃபோன் செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் கேரம் ஓடுகிறது. அப்பாவின் விரல் இப்போது லேசாக நடுங்குகிறது. ஸ்ட்ரைக்கர் குறி தப்பிப் போனால் பலகையின் மேல் குனிந்து, “போ, போ, போ...” என்று காயைப் பார்த்துக் கத்துகிறார்.

“கல்லு கையை விட்டுப் போயிடுச்சுப்பா,” என்றேன் போன வாரம்.

“தெரியும். நீ அந்தப் பக்கம் நின்னு கொஞ்சம் தேய்,” என்றார்.